தண்டுவடக் காயமும் ஸ்டெம் செல்லும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

மாசி, பங்குனியில் புளி உலுக்க மரமேறியவர் கிளை முறிந்து விழுகிறார். தொப்பூர் கணவாயில் லாரி மோதி, பைக்கில் போனவர் தூக்கி எறியப்படுகிறார். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, கல் குவாரி, கட்டட வேலையின் சாரம் என்று இந்த இரண்டு மாவட்டங்களிலும் தண்டுவடம் அடிபடுவதற்கு வழிகள் பல. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஓரிரு மாதத்தில் யாராவது ஒருவர், "பெங்களூரில் ஸ்டெம் செல் போடுகிறார்களாம், எழுந்து நடக்கலாமாம்" என்று ஒரு போன் நம்பரோடு வந்து நிற்பார். அந்த நம்பரைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஸ்டெம் செல் போட்டால் நடக்க முடியுமா, முடியாதா?

ஸ்டெம் செல் என்பது, பெருகி வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல். நடக்க வைக்கும் என்று உறுதி தரக்கூடிய ஸ்டெம் செல் சிகிச்சை இன்றைக்கு எந்த நாட்டிலும் இல்லை. ஆராய்ச்சி உண்மையாகவே நடக்கிறது, அதில் நம்பிக்கை தரும் முடிவுகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்த ஆராய்ச்சியில் சேருகிறவர் பணம் கட்டுவதில்லை. உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால், அங்கே விற்கப்படுவது நிரூபிக்கப்படாத ஒரு ஊசி.

ராடு, ஸ்க்ரூ எல்லாம் போட்டு எலும்பு சேர்ந்துவிட்டது. பிறகும் கால் ஏன் வரவில்லை?

எலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் குழாயில், சுண்டுவிரல் பருமனில், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடும் நரம்புத் திசுதான் தண்டுவடம். பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்கும். ராடும் ஸ்க்ரூவும் எலும்பை அசையாமல் பிடித்து, தண்டுவடத்தின் மேல் உள்ள அழுத்தத்தை எடுக்கின்றன. உள்ளே நசுங்கிய நரம்பை அவை ஒட்டுவதில்லை.

அடிபட்ட நொடியில் சில செல்கள் சாகின்றன. அதைவிடப் பெரிய சேதம் அடுத்த சில மணி நேரத்திலிருந்து சில வாரங்கள் வரை நடக்கிறது: வீக்கம், ரத்தக் கசிவு, ரத்த ஓட்டம் குறைவது, எதிர்ப்பு செல்கள் வந்து குவிவது. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. அதைச் செய்யும் செல்கள் இந்தக் கட்டத்தில்தான் கூட்டமாக மடிகின்றன. சில மாதங்கள் போனால் அந்த இடத்தில் நீர்ப்பை போன்ற ஒரு குழியும் அதைச் சுற்றித் தழும்பும் உருவாகிவிடும். கை, கால் நரம்பு அறுந்தால் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெதுவாக வளரக்கூடும். தண்டுவடத்துக்குள் அந்த வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் நிறைய இருப்பதால் இழைகள் அந்தக் குழியைத் தாண்டுவதில்லை.

இதனால்தான் காலம் இங்கே இவ்வளவு முக்கியம். அடிபட்டு 3 வாரம் ஆனவரும் 3 வருடம் ஆனவரும் இரண்டு வேறு நோயாளிகள். இருவருக்கும் ஒரே ஊசி என்று ஒரு கிளினிக் சொன்னால், அங்கேயே சந்தேகப்படலாம்.

அந்தச் செல் உள்ளே போய் என்ன செய்யும் என்று எதிர்பார்க்கிறார்கள்?

எந்தச் செல் என்பதைப் பொறுத்தது. கரு ஸ்டெம் செல்லிலிருந்தோ, தோல் அல்லது ரத்தச் செல்லைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்கும் ஐ.பி.எஸ். செல்லிலிருந்தோ நரம்பு முன்னோடிச் செல்களை வளர்க்க முடியும். அவை மயலின் உறையை மறுபடி போடலாம். புதிய நரம்பு செல்லாகி, அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே செய்தியைக் கடத்தலாம். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மெசன்கைமல் செல்கள் வேறு வகை. இவை தண்டுவடத்தில் நரம்பாக மாறுவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சுரக்கும் பொருள்களால் வீக்கத்தைத் தணித்து, சாகப்போகும் செல்களைக் காப்பாற்றும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பெரும்பாலான செல்கள் சில வாரங்களில் மறைந்தும் போகின்றன. கையில் ஏற்றும் ஊசியாகப் போட்டால் கணிசமானவை முதலில் நுரையீரலில் சிக்கிக்கொள்ளும்.

காசு வாங்கும் கிளினிக்குகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டாம் வகைதான். அதுவும் பல இடங்களில் சரியாக வளர்க்கப்படாமல்.

இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து அன்றைக்கே திருப்பிப் போட்டார்கள். அது ஸ்டெம் செல் இல்லையா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மஜ்ஜையை மையவிலக்கில் சுற்றிப் பிரித்தால் கிடைப்பது ஒற்றைக்கரு செல்களின் கலவை. அதில் மெசன்கைமல் ஸ்டெம் செல்லின் பங்கு 0.001 முதல் 0.01 சதவீதம். "பத்து கோடி செல் போட்டோம்" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், அதில் அந்த வகை ஸ்டெம் செல் ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரைதான் இருக்கும். மீதி எல்லாம் சாதாரண ரத்தச் செல்களும் அவற்றின் முன்னோடிகளும். ஆய்வுகளில் சொல்லும் பத்து கோடி என்பது, தூய்மையான ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்துப் பெருக்கி, கிருமி இல்லை, மரபணுக் கோளாறு இல்லை, இத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது என்று சோதித்த பிறகு எண்ணிய எண். காலையில் எடுத்து மாலையில் போடும் இடத்தில் இந்தச் சோதனைகளுக்கு நேரமே கிடையாது.

முறையான ஆய்வில் இதை எப்படிச் செய்வார்கள்?

முதலில் எம்.ஆர்.ஐ., ஆசியா மதிப்பீடு (காயத்தின் தீவிரத்தை ஏ முதல் ஈ வரை எழுத்தால் குறிக்கும் பரிசோதனை; விளக்கம் பின்னால் வருகிறது), ரத்தப் பரிசோதனை, சிறுநீர்க் கிருமிப் பரிசோதனை. படுக்கைப் புண்ணோ காய்ச்சலோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சொந்தச் செல் என்றால் இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையையோ வயிற்றுக் கொழுப்பையோ எடுத்து வளர்க்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். உள்ளே செலுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடுப்பின் 3-4 அல்லது 4-5 எலும்பு இடைவெளியில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரில் விடுவது. ஆபரேஷனுக்கு முதுகில் மயக்க ஊசி போடும் அதே இடம். பிறகு சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும், ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம். மற்றொன்று, முதுகைத் திறந்து மைக்ரோஸ்கோப் வைத்து, காயத்துக்குள்ளோ அதன் ஓரத்திலோ நேரடியாகச் செலுத்துவது. இது முழு ஆபரேஷன். மிச்சம் இருக்கும் நல்ல இழைகளுக்கு ஊசியாலேயே ஆபத்து உண்டு.

அடுத்தவர் செல் என்றால் உடல் தள்ளாமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து தேவைப்படும். சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவருக்குக் கிருமி எளிதில் தொற்றும் என்பதால், அந்த மருந்து தருவது லேசான விஷயம் அல்ல. பிறகு ஒரு வருடமாவது குறித்த தேதிகளில் மறு மதிப்பீடு, கூடவே தொடர்ந்த பிசியோதெரபி.

உலகத்தில் இதுவரை என்னதான் நடந்திருக்கிறது?

2010 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம் கரு ஸ்டெம் செல்லிலிருந்து செய்த மயலின் முன்னோடிச் செல்லை முதன்முதலாக ஒரு தண்டுவட நோயாளிக்குச் செலுத்தியது. 2011 நவம்பரில் பணக் காரணத்தால் நிறுத்திவிட்டது. அதே செல்லை ஆஸ்டீரியாஸ் என்ற நிறுவனம் எடுத்து, கழுத்தில் அடிபட்ட 25 பேருக்கு அதிகபட்சம் 2 கோடி செல் வரை செலுத்திப் பார்த்தது. பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. சிலருக்குக் கையில் ஓரிரு நிலை முன்னேற்றம் இருந்தது. ஒப்பிட ஊசி போடாத குழு இல்லாததால் அது செல்லின் வேலையா, இயற்கையாக வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. ஸ்டெம்செல்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம், போதிய பலன் தெரியவில்லை என்று 2016-இல் தன் ஆய்வையே மூடியது.

ஜப்பான் 2018 டிசம்பரில் ஸ்டெமிராக் என்ற சிகிச்சைக்கு 7 ஆண்டு நிபந்தனை அனுமதி கொடுத்தது. நோயாளியின் சொந்த மஜ்ஜைச் செல்லை வளர்த்து, ரத்தக் குழாய் வழியே ஏற்றுவது. அடிபட்ட 31 நாளுக்குள் மஜ்ஜை எடுத்தாக வேண்டும். ஆதாரம் 13 பேர் மட்டுமே, ஒப்பீட்டுக் குழு கிடையாது. இவ்வளவு குறைந்த ஆதாரத்தில் விற்க விட்டது தவறு என்று பல நாட்டு விஞ்ஞானிகள் வெளிப்படையாகவே எழுதினார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்பதே எங்கள் கருத்தும். "ஜப்பானில் அனுமதி இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் இந்த 13 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2024-இல் 10 பேரின் முடிவை வெளியிட்டது. வயிற்றுக் கொழுப்புச் செல்லை 10 கோடியாக வளர்த்து இடுப்பு வழியே செலுத்தினார்கள். 7 பேர் ஆசியா அளவுகோலில் குறைந்தது ஒரு படி ஏறினார்கள், 3 பேருக்கு மாற்றம் இல்லை. இதுவும் பாதுகாப்பைப் பார்க்கும் முதல் கட்டம்தான்.

நாங்கள் கூர்ந்து கவனிப்பது டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழக ஆய்வை. ஒகானோ, நாகமுரா இருவரின் குழு, ஐ.பி.எஸ். செல்லிலிருந்து செய்த நரம்பு முன்னோடிச் செல் 20 லட்சத்தைக் காயத்துக்குள் நேரடியாகச் செலுத்தியது. அடிபட்டு 14 முதல் 28 நாளுக்குள், முழுச் செயலிழப்பு உள்ள 4 பேருக்கு. 2025 மார்ச்சில் சொன்ன முடிவு: ஒரு வருடத்தில் தீவிரப் பக்கவிளைவு இல்லை, ஒருவர் ஏ-யிலிருந்து டி-க்கு வந்தார், இன்னொருவர் சி-க்கு வந்தார், இருவருக்கு அசைவில் முன்னேற்றம் இல்லை. நாலு பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இதுவரை வந்ததில் கவனிக்க வேண்டியது இது.

ஏ, டி என்கிறீர்களே, அது என்ன அளவு?

ஆசியா அளவுகோல். உடம்பின் ஒவ்வொரு பக்கமும் 10 முக்கியத் தசைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 100. ஒவ்வொரு பக்கமும் 28 இடங்களில் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டு உணர்வைப் பார்ப்பார்கள். கடைசியில் ஆசனவாயில் உணர்வும் இறுக்கமும் இருக்கிறதா என்ற பரிசோதனை. கூச்சமாக இருந்தாலும் அதைத் தவிர்க்கக் கூடாது; காயம் முழுமையானதா, பகுதியானதா என்பதை முடிவு செய்வதே அதுதான். ஏ என்றால் அங்கே உணர்வும் அசைவும் இல்லை. பி: உணர்வு மட்டும். சி: அசைவு உண்டு, பலம் போதாது. டி: காயத்துக்குக் கீழே பாதித் தசைகளாவது புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கும். ஈ: இயல்பு நிலை.

உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த எழுத்தும் மதிப்பெண்ணும் தேதியும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். "பாராபிளீஜியா" (இரண்டு காலும் செயலிழந்த நிலை) என்று மட்டும் எழுதியிருந்தால், மதிப்பீடு செய்து எழுதித் தரும்படி கேளுங்கள்.

ஊசி போட்ட பிறகு கால் அசையும் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அது பொய்யா?

வீடியோ உண்மையாகவே இருக்கலாம். காரணம் ஊசி என்பதுதான் சந்தேகம். அடிபட்ட சில நாட்கள், சில வாரங்களுக்குத் தண்டுவடம் அதிர்ச்சியில் மொத்தமாக அடங்கியிருக்கும். அது விலகும்போது, எந்த ஊசியும் இல்லாமலே, கொஞ்சம் திரும்பும். முதலில் ஏ என்று மதிப்பிட்டவர்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் வருடத்தில் ஒரு படியாவது ஏறுகிறார். பி, சி-யில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். முன்னேற்றத்தில் பெரும் பங்கு முதல் 6 முதல் 9 மாதத்தில் நடந்துவிடுகிறது. கிளினிக்குகள் நோயாளிகளைப் பிடிக்கும் மாதங்களும் அவையே.

இன்னொன்று, கால் வெட்டி இழுப்பது. இது ஸ்பாஸம். மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தண்டுவடம் தானாகச் செய்யும் அசைவு. போர்வையை இழுத்தால் வரும், சிறுநீர்ப் பை நிரம்பினால் வரும். பார்த்துத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு: "கட்டை விரலை மேலே தூக்கு, நிறுத்து, மறுபடி தூக்கு" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபோது தூக்கி, சொன்னபோது நிறுத்தினால் அது அவராகச் செய்த அசைவு.

சொந்தச் செல்தானே, தீமை என்ன வந்துவிடும்? "போட்டுப் பார்ப்போம், போனால் பணம்தான்" என்கிறார் எங்கள் மாமா.

போவது பணம் மட்டும் என்றால் நாங்களும் இவ்வளவு எழுத மாட்டோம். இடுப்பு ஊசியில் கிருமி புகுந்தால் மூளைக்காய்ச்சல். நரம்பு வலி புதிதாகத் தொடங்கலாம். ஏற்கெனவே உணர்வில்லாத காலில் நெருப்பாக எரியும் அந்த வலிக்கு மருந்து எளிதில் கேட்காது. ஸ்பாஸம் கூடலாம். கழுத்தில் அடிபட்டவருக்கு, மிச்சம் இருக்கும் கை பலத்தில் ஒரு நிலை குறைந்தாலே தானாகச் சாப்பிடுவது போய்விடும்.

கட்டி வளர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. மூக்கின் உட்சவ்வைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு 8 வருடம் கழித்து அங்கே சளி சுரக்கும் திசுக் கட்டி வளர்ந்திருந்ததாக 2014-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதுவும் அவருடைய சொந்தத் திசுதான். பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் போய் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் தண்டுவடத்தில் வேறொருவரின் செல்களால் ஆன கட்டி இருந்ததாக 2016-இல் வந்த அறிக்கை இன்னொன்று.

மாமாவுக்குச் சொல்ல மற்றொரு காரணமும் உண்டு. வருங்காலத்தில் நல்ல ஆய்வு ஒன்று வந்தால், "இதற்கு முன் செல் சிகிச்சை எடுத்தவர் சேர முடியாது" என்ற விதி அநேகமாக அதில் இருக்கும். இன்று போடும் ஊசி அன்றைய கதவை அடைத்துவிடும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சையை மட்டுமே வழக்கமான சிகிச்சையாக ஏற்கிறது. தண்டுவடக் காயம் உட்பட மற்ற எல்லாம் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே. ஆய்வுகளுக்கு 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் பொருந்தும். செயலிழப்பைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாலிசிகளில் சேர்க்கச் சொன்ன ஸ்டெம் செல் சிகிச்சையும் ரத்த நோய்க்கான மஜ்ஜை மாற்று மட்டும்தான். ஆகவே "இன்சூரன்ஸில் கிளெய்ம் பண்ணித் தருகிறோம்" என்ற பேச்சை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

உங்களிடம் இப்படிப் பணம் வாங்கிய இடம் தமிழ்நாட்டில் இருந்தால், அந்த மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மருத்துவர் மீது என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலில். ஓசூரைத் தாண்டிய கிளினிக் என்றால் கர்நாடகக் கவுன்சில்.

"இது ஆய்வுதான்" என்று அவர்களே சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் ஒவ்வொரு மருத்துவ ஆய்வும் அந்த அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணை வாங்கிவந்து, படித்த பிள்ளை ஒருவரை வைத்துத் தேடுங்கள். அந்த மருத்துவமனையின் பெயர், மருத்துவர் பெயர், நோயின் பெயர், எத்தனை பேர், அடிபட்டு எத்தனை நாள் ஆனவர்கள், இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்று எல்லாம் அதில் இருக்கும். முழங்கால் தேய்மானத்துக்கு வாங்கிய எண்ணைக் காட்டித் தண்டுவடத்துக்கு ஊசி போடுவதும் நடக்கக்கூடியதே. நோயின் பெயரைத் தவறாமல் பாருங்கள். பதிவு இருப்பதாலேயே சிகிச்சை நல்லது என்று ஆகிவிடாது. பதிவு இல்லை என்றால் மேலே பேசவே வேண்டாம்.

அடுத்து, ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்க அவகாசம் தர வேண்டும். ஆய்வு மருந்துக்கும் அதற்கான பரிசோதனைக்கும் பணம் கேட்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியும் இருக்க வேண்டும். "இந்த வாரமே சேர்ந்தால் சலுகை" என்று ஒருவர் சொன்னால், அது ஆய்வே அல்ல.

கோர்ட்டில் விபத்து நஷ்டஈடு வந்திருக்கிறது. அதில் போடலாமா?

அந்தத் தொகை அவருடைய மீதி ஆயுளுக்கான கேத்தீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்), மெத்தை, சக்கர நாற்காலி, பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலி எல்லாம் சேர்ந்தது. ஒரே ஊசியில் அதைக் கரைத்த குடும்பம் அடுத்த வருடம் படுக்கைப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்யக் கடன் வாங்கும். வீட்டு வாசலில் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கக்கூஸ் கதவு, உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரு கடையோ தையல் வேலையோ: இவற்றுக்குச் செலவு செய்தால் பலன் மறுநாளே தெரியும்.

குழந்தை பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் பின்னால் உதவுமா?

தண்டுவடத்துக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைக்கவில்லை.

மரத்திலிருந்து விழுந்த உடனே என்ன செய்ய வேண்டும்?

இது ஸ்டெம் செல் கேள்வி இல்லைதான். ஆனால் இன்றைய நிலையில் எந்தச் செல்லையும்விட அதிக நரம்பைக் காப்பாற்றுவது இந்த முதல் மணி நேரம். தோப்பில் விழுந்தவரை நாலு பேர் கை, காலைப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதில்தான் பாதிக் காயம் முழுக் காயமாகிறது. உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரமுடியாத காட்டுப் பக்கம் என்றால் கதவோ அகலமான பலகையோ கொண்டுவாருங்கள். ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து இரு கையாலும் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடிக்க வேண்டும். மூன்று பேர் ஒரே பக்கமாக நின்று தோள், இடுப்பு, முழங்கால் பிடித்து, தலைமாட்டுக்காரர் சொல்லும்போது ஒரே வீச்சில் மரக்கட்டையைப் போல உருட்டிப் பலகையைக் கீழே நுழைக்க வேண்டும். கழுத்தின் இரு பக்கமும் சுருட்டிய துண்டு வையுங்கள்.

தண்டுவடத்தை எலும்பு அழுத்திக்கொண்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து விடுவிப்பது நல்லது. எனவே எலும்பு வைத்தியரிடம் கட்டுப்போட்டுவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மேலே அனுப்புவதானால் அவர்களே அனுப்புவார்கள். சாலை விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். மரத்திலிருந்து விழுந்தது அதில் வராது. அதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப்போங்கள்.

வீட்டுக்கு வந்தாயிற்று. இப்போது தினமும் செய்ய வேண்டியது என்ன?

தோல், சிறுநீர், மலம். இந்த மூன்றும் கெட்டால் உயிருக்கே ஆபத்து.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள், இரவிலும்தான். நாற்காலியில் இருந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தத்தை எடுக்க வேண்டும். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டுவதை விடக்கூடாது. காலை, மாலை கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: வால் எலும்பு, இரண்டு உட்காரும் எலும்பு, இடுப்பின் பக்கவாடு, குதிகால். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் புண் தொடங்கிவிட்டது. அது மறையும்வரை அந்தப் பக்கம் படுக்கவோ உட்காரவோ கூடாது. ஒத்தடப் பை, சூடான எண்ணெய், பைக் சைலன்சர், வெயிலில் காய்ந்த சிமெண்ட் திண்ணை எல்லாம் உணர்வில்லாத தோலைச் சுட்டுவிடும்; அவருக்குத் தெரியவே தெரியாது. நாட்டு எண்ணெய் தடவுவதில் தவறில்லை, ஆறிய எண்ணெயாக இருக்கட்டும், அழுத்தி முறுக்க வேண்டாம்.

சிறுநீருக்கு நிரந்தரக் குழாயைவிட 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை கேத்தீட்டர் விட்டு எடுத்துவிடும் முறை நல்லது. பெரியவர்களுக்கு 12 அல்லது 14 எண். ஒரு முறைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம் என்று பொருள். பை நிரம்பி நிரம்பித் தேங்கினால் சிறுநீர் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழாய் விடுவதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் இந்த வெயில் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. கல்லும் கிருமியும் அதனால்தான் வருகின்றன. காய்ச்சல், குளிர், கலங்கிய சிறுநீர், திடீரெனக் கூடிய ஸ்பாஸம் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் பரிசோதனையில் கிருமி மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை.

மலத்துக்கு நேரம் ஒன்றுதான் மருந்து. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பிட்டு 20, 30 நிமிடம் கழித்து, ஒரே வேளையில். கையுறை போட்டு, வழவழப்பு தடவிய விரலால் ஆசனவாயை மெதுவாகச் சுற்றித் தூண்ட வேண்டும். களியும் கீரையும் நார்ச்சத்து தரும். தண்ணீர் குறைந்தால் அதே நார் இறுகிவிடும்.

முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர் வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு அவசரநிலை உண்டு. திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, முகம் சிவப்பது, ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட 20, 40 கூடுவது. உடனே எழுப்பி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லை என்றால் கேத்தீட்டர் விட்டு வெளியேற்றுங்கள். பிறகு மலம் அடைத்திருக்கிறதா, தோலில் ஏதாவது குத்துகிறதா என்று தேடுங்கள். காரணத்தை எடுத்தால் அழுத்தம் இறங்கும். இறங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை. விட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகும். இதே நோயாளிகளுக்குக் கீழ் உடம்பு வியர்க்காது. சித்திரை வெயிலில் ஈரத்துணியும் நிழலும் கட்டாயம்.

ஸ்டெம் செல்லைத் தவிர வேறு வழி எதுவும் வரவில்லையா?

மின் தூண்டல் வந்துகொண்டிருக்கிறது. கழுத்தின் மேல் தோலில் ஒட்டிக் கை அசைவுக்குப் பயிற்சியோடு பயன்படுத்தும் ஒரு கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. கையில் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருப்பவர்களுக்கு அது. இன்றைக்கே நம் பக்கம் கிடைப்பது மறுவாழ்வுப் பயிற்சி. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம், பெங்களூர் நிம்ஹான்ஸ் மூன்றும் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள். சில வாரம் உள்ளே தங்கி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே கேத்தீட்டர் விடுவது, காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டு நிற்பது எல்லாம் கற்றுக்கொள்ளலாம். கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையும், தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மாதப் பராமரிப்புத் தொகையும், சக்கர நாற்காலியும் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

பத்து வருடத்தில் நல்ல சிகிச்சை வந்தால் இவர் அதில் சேர முடியுமா? இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

சேர்க்கும்போது அவர்கள் பார்க்கப்போவது உடம்பின் நிலையை. முழங்கால், கணுக்கால், விரல் மூட்டுகள் மடங்கி இறுகியிருந்தால் நரம்பு வந்தும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு மூட்டையும் முழு வீச்சில் தினமும் இரண்டு வேளை அசைத்துவிடுங்கள். புண் இல்லாத தோல், வேலை செய்யும் சிறுநீரகம், தேறிய உடல் எடை வேண்டும். சிறுநீரகத்துக்கு வருடம் ஒரு முறை ஸ்கேனும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவை இருக்கட்டும்: விபத்து நடந்த தேதி, முதல் எம்.ஆர்.ஐ. படமும் அது பதிவான சி.டி. தட்டும், ஆபரேஷன் குறிப்பு, உள்ளே வைத்த ஸ்க்ரூ டைட்டானியமா என்ற விவரம், அடிபட்ட முதல் வாரத்திலும் 3, 6, 12-ஆம் மாதங்களிலும் எடுத்த ஆசியா தாள். எம்.ஆர்.ஐ. பிலிமைச் சுருட்டிப் பரணில் போட்டால் ஒரு கோடையிலேயே ஒட்டிக்கொள்ளும், சி.டி.யைக் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து இரண்டு பென்டிரைவில் ஏற்றி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.